கட்டிப்பாலுக்குக் கணக்கு உண்டு. வீட்டுக் குப்பைக்குக் கணக்கு உண்டா?



பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. வெட்டிய பாலைச் சுமந்து வந்து ஸ்டோர் முன்னே வரிசை பிடித்து நிற்போம். கிராணி வாளியை நிறுப்பார், புத்தகத்தில் எழுதுவார். அதோடு முடிந்ததா? மங்கில் உறைந்துபோன கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் எல்லாவற்றையும் சாக்கில் திரட்டி வரவேண்டும். அதற்கும் தராசு, அதற்கும் கணக்கு.

செம்பனைத் தோட்டத்திலும் அப்படித்தான். குலையிலிருந்து உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் வந்தால் மண்டோர் சும்மா விடுவாரா? எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற வெறுங்குலையைக்கூட லாரியில் ஏற்றிவந்து மரத்தடியில் உரமாகப் பரப்புகிறார்கள். தோட்ட முதலாளிக்கு எதுவுமே குப்பையில்லை.

இந்நாட்டில் ரப்பரை முதன்முதலில் தோட்டப் பயிராக நட்ட இடம் நம் மலாக்காதான். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அன்று தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகப் பிறர் சொத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்குக் கொடுத்தவர்கள் நாம். ஆனால் நம் வீட்டுப் பின்வாசல் வழியாக நாள்தோறும் என்ன வெளியே போகிறது என்று என்றாவது கணக்குப் பார்த்தோமா?

இல்லை. நாமும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஓர் அக்காள்.

இரண்டு புத்தகங்கள்

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டம் முடிந்து, அந்த அக்காள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கணவன், மனைவி, பள்ளி போகிற இரண்டு பிள்ளைகள். மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பாக்கி மாதா மாதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. "சம்பளம் ஏறுதுன்னு சொல்றீங்க தம்பி. கடைப் புத்தகமும் கூடவே ஏறுதே!" என்றார்.

கிளாசைக் கழுவி வைக்கப் பின்பக்கம் போனபோது குப்பை வாளி கண்ணில் பட்டது. காலையில் வடித்த சோறு கால் சட்டி, பூசணம் பிடித்த ரொட்டி பாதி, மஞ்சளாகிப்போன கீரைக்கட்டு, எண்ணெய்ப் பொட்டலம், பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் பை. "அக்கா, இதையும் ஒரு புத்தகத்துல எழுதிப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டோம். அக்காள் சிரித்துவிட்டார். "பாலுக்குத்தான் தராசு. குப்பைக்குமா தம்பி? சங்கத்து ஆளு எங்க வீட்டுக் குப்பையைக் கிளற வந்துட்டீங்களா!"

நமக்கு வெட்கமாகிவிட்டது. நம் வீட்டு வாளியில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அக்காள் வீட்டிலும் நம் வீட்டிலும் நான்கு வாரத்துக்கு எழுதுவது. பிறகு இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

எழுதியது அக்காளின் மகள். ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. பழைய பள்ளி நோட்டில் நான்கு கோடு போட்டாள்: நாள், என்ன பொருள், எவ்வளவு, ஏன் வீசினோம். அளவுக்கு அரிசி அளக்கிற அதே பால் டின்.

கணக்கு சொன்ன கதை

நான்கு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். சோறு, ரொட்டி, காய்கறி, மீன் எல்லாம் சேர்த்து அக்காள் வீட்டில் வீசியது ஏறத்தாழ அறுபது வெள்ளிப் பொருள். நம் வீட்டுக் கணக்கு அதைவிடச் சற்று அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அறுபது வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டமானது. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி. அதாவது, விடியுமுன் எழுந்து, மழையிலும் வெயிலிலும் குலை வெட்டிச் சுமந்த ஒரு முழு நாள் உழைப்பு, மாதந்தோறும் குப்பை வாளிக்குள் போகிறது!

எவ்வளவு வீசினோம் என்பதைவிட, ஏன் வீசினோம் என்ற நான்காம் கோடுதான் உண்மையைச் சொன்னது. சோறு வீணானதற்கு எழுதியிருந்த காரணம் பெரும்பாலும் ஒன்றே: "சாப்பிட ஆள் இல்லை." அக்காள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வீட்டுல எட்டுப் பேரு இருந்தப்ப வைச்ச உலை தம்பி இது. மாமியார் போய்ச் சேர்ந்துட்டாங்க. கொழுந்தனுங்க கோலாலம்பூரு, சிங்கப்பூருன்னு வேலைக்குப் போயிட்டாங்க. கை மட்டும் பழைய கணக்குலயே அரிசியை அளக்குது."

இது அந்த ஒரு வீட்டுக் கதையா? மலாக்காவில் எந்தத் தோட்டத்தில் இன்று பழைய கூட்டம் இருக்கிறது? இளைஞர்கள் வெளியேறிவிட்டார்கள்; பல தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு சுருங்கியது, உலை சுருங்கவில்லை.

கீரை அழுகியதற்குக் காரணம் இரவுச் சந்தை. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிறோம். நான்காம் நாள் வாடிவிடுகிறது. முதல் இரண்டு நாளில் கீரை, பிறகு வெண்டி, கத்தரி, கடைசியில் பூசணி, உருளைக்கிழங்கு என்று வரிசைப்படி சமைத்தால் பாதி நட்டம் தீரும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. புட்டியையும் பீர் டின்னையும் அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யாரும் யாரையும் ஏச வேண்டாம். மாதக் கடைசியில் பிள்ளை எழுதி வைத்த எண்ணிக்கையே பேசும்.

நாடு முழுதும் இதே கதை

2012-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை வீட்டுக் குப்பைகளை ஆராய்ந்தது. நூற்றுக்கு 44.5 பங்கு உணவுக் கழிவு; 13.2 பிளாஸ்டிக், 12.1 குழந்தைகளின் அணையாடை, அதாவது பம்பர்ஸ், 8.5 காகிதம். நம் இரண்டு வீட்டு நோட்டும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் குப்பை குறைவு என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பால் டின் அளவுக் குவளையானது. மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வாளியானது. கோதுமை மாவுச் சாக்கு தலையணை உறையானது. மிஞ்சிய சோறு தண்ணீர் ஊற்றிப் பழைய சோறானது. அது ஏழ்மை, பெருமையாகப் பேச அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏழ்மை கற்றுக்கொடுத்த சிக்கனத்தை, ஏழ்மை முழுதாகத் தீருமுன்பே நாம் தொலைத்துவிட்டோமே!

என்ன செய்யலாம்?

முதலாவது, உலை. இன்று வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டு அரிசி அளக்கவேண்டும். மிஞ்சினால் சூடு தணிந்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் சோற்றைப் பிரட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உரம். பழைய பெயிண்ட் வாளியின் அடியில் துளை போட்டு, காய்ந்த இலைச் சருகைப் பரப்புங்கள். அதன்மேல் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. அதன்மேல் மறுபடி சருகும் ஒரு கை மண்ணும். மீன், இறைச்சி, எண்ணெய் போடவேண்டாம். நாற்றமெடுக்கும், எலி வரும். பிழிந்த துணிபோல ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த மண்ணாகிவிடும். மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் அதைவிட நல்ல உரம் எது?

மூன்றாவது, பிரித்து வைத்தல். காகிதம், அட்டை, பிளாஸ்டிக் புட்டி, டின், கண்ணாடி இவற்றைக் கழுவித் தனிச் சாக்கில் போடுங்கள். பழைய சாமான் வாங்குகிறவரிடம் டின்னுக்கும் அட்டைக்கும் காசு கிடைக்கும். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்தால் அதையும் வாங்குவோர் உண்டு.

நான்காவது, கொசு. மூடாமல் கிடக்கும் டின், டயர், ஐஸ்கிரீம் கப்பு, இவற்றில் தேங்கும் மழைநீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். வாரத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து கவிழ்த்துவிட்டால் டிங்கிக் காய்ச்சல் ஆபத்து வெகுவாகக் குறையும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. எதையும் வீசாதே என்று சொன்னதற்காக, மருந்து அடித்த காலிக் கலன்களை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம், அரிசி கொட்டி வைக்கவும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு நஞ்சுதான். பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு தொடக்கம் தடை செய்யப்பட்டது என்றாலும் மற்ற மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. காலிக் கலனுக்குத் தோட்ட நிர்வாகம்தான் பொறுப்பு. ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டமும் நம் உரிமையும்

தோட்டத்தை விட்டு அலோர் காஜா, மெர்லிமாவ், மலாக்கா நகர்ப் பக்கத்து மலிவு வீடுகளுக்குப் போன குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து மலாக்கா உட்படப் பல மாநிலங்களில் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2016 ஜூன் முதல் அபராதமும் வந்தது. தரை வீட்டுக்காரருக்கு முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. வாரத்தில் இரண்டு நாள் மற்றக் குப்பைக்கு, ஒரு நாள் மறுபயனீட்டுப் பொருளுக்கு என்பது ஏற்பாடு. தோட்டத்து வழக்கப்படி குழி தோண்டிக் கொளுத்துவதும் கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் எரியும் புகையை முதலில் சுவாசிப்பதும் நம் பிள்ளைகளே.

தோட்டத்து லயங்களில் இருப்போருக்கு நிலைமை வேறு. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், குடியிருப்புப் பகுதியைச் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையை முதலாளிமேல் வைத்திருக்கிறது. லயத்துச் சாக்கடை அடைபட்டுக் கிடந்தாலோ, குப்பை வண்டி வாராமல் இருந்தாலோ, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாளையும் நேரத்தையும் எழுதி வைத்துக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். "இந்தத் தேதி முதல் வண்டி வரவில்லை" என்று எழுத்தில் காட்டினால் எந்த நிர்வாகத்தாலும் தட்டிக் கழிக்க முடியாது. பார்த்தீர்களா, நோட்டுப் புத்தகம் இங்கேயும் ஆயுதமாகிறது!

சிலர் கேட்கலாம்: "சம்பள உயர்வு கேட்க வேண்டிய சங்கத்துக்காரன், குப்பையைக் குறை, சோற்றைக் குறை என்கிறானே. முதலாளிக்கு வக்காலத்தா?" நியாயமான கேள்வி. நம் பதில் இதுதான்: சம்பளம் போதவில்லை என்பது உண்மை, அதற்கான போராட்டம் தொடரும். வீட்டில் சிக்கனம் வந்ததால் கூலி போதும் என்று எவன் சொன்னாலும் ஏற்கமாட்டோம். ஆனால் போராடி வாங்கிய வெள்ளி பின்வாசல் வழியாகப் போவதைத் தடுக்க யாரிடமும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லையே!

சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. ஷிகோகு தீவில் காமிகாட்சு என்ற மலைக் கிராமம். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவுதான். 2003-ஆம் ஆண்டில் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தார்கள். இன்று நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு மறுபயனுக்குப் போகிறது. பணக்கார நகரமல்ல, பெரும்பாலும் வயதானவர்கள் வாழும் ஊர். அவர்களால் நாற்பது வகை முடியுமென்றால், நம்மால் மூன்று சாக்கு முடியாதா?

மூன்று மாதம் கழித்து அந்த அக்காள் வீட்டுக்கு மறுபடி போயிருந்தோம். கடைப் புத்தகத்தைத் தானே எடுத்து நீட்டினார். பழைய பாக்கி தீர்ந்துவிடவில்லை. ஆனால் புதிதாக ஒன்றும் ஏறவுமில்லை.

"பாக்கி ஏறல தம்பி. அதுவே பெரிசு," என்றார். உலைக்குப் பக்கத்தில் அந்தப் பால் டின் கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் பிள்ளை வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தாள்: "நாலு பேர்."

இந்த வாரமே ஒரு பழைய நோட்டை எடுங்கள், தோழர்களே. நான்கு கோடு போடுங்கள். ஊரான் பாலுக்குக் கணக்குக் கொடுத்த கை, இனி நம் சோற்றுக்கும் கணக்கு எழுதட்டும்!