ஐடியாவுக்கு "வேண்டாம்" சொல்வது எப்படி? பைத்தான் சமூகத்தின் அனுபவம்

நம்ம நிகழ்ச்சிக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னிக்கு எடுத்துக்கலாம். "ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கான ஐடியாக்களை எல்லாரும் சேர்ந்து யோசிக்கிற மாதிரி ஒரு ஆன்லைன் சமூகம் ஆரம்பிக்கணும். எப்படி வடிவமைக்கலாம்?" கூடவே ஒரு திட்டமும் இருக்கும். யார் வேணும்னாலும் ஐடியா போடலாம், மத்தவங்க ஓட்டுப் போடலாம், அதிக ஓட்டு வாங்கினதைச் செஞ்சிடலாம்.

இந்த ஓட்டு விஷயத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ஓட்டுப் போட ஒரு விநாடி போதும். கோடு எழுத மாசக்கணக்கு ஆகும், எழுதினதைப் பராமரிக்க வருஷக்கணக்கு ஆகும். ஓட்டுப் போடுறவர் ஒருத்தர், உட்கார்ந்து வேலை செய்யறவர் வேற ஒருத்தர். அதனால பட்டியலோட உச்சியில இருக்கிற ஐடியா, செய்ய ஆளில்லாம அங்கேயே கிடக்கும். ஐடியாக்களைச் சேர்ப்பது சுலபம். "வேண்டாம்"னு சொல்றதும், ஏன் அப்படிச் சொன்னோம்னு ஞாபகம் வச்சிருக்கிறதும்தான் கஷ்டம். வடிவமைப்பை அங்கிருந்து ஆரம்பிக்கணும்னு நினைக்கிறேன்.

இதுக்கு நல்ல உதாரணம் பைத்தான். கைடோ வான் ராசம் உருவாக்கி 1991-ல வெளியிட்ட நிரலாக்க மொழி. பயன்படுத்துறவங்க பெருகப் பெருக, "இந்த வசதி வேணும், அந்த வசதி வேணும்"னு கோரிக்கைகளும் பெருகின. 2000-ல அவங்க ஒரு முறை கொண்டுவந்தாங்க. பேரு பைத்தான் என்ஹான்ஸ்மென்ட் ப்ரொபோசல், சுருக்கமா பெப். மொழியில பெரிய மாற்றம் எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு ஆவணம் எழுதணும், அந்த ஆவணத்துக்கு ஒரு எண் உண்டு.

ஆவணத்துல என்ன இருக்கணும்? இந்த மாற்றம் எதுக்கு, எப்படி வேலை செய்யும், பழைய நிரல்கள் உடையுமா, இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். எனக்குப் பிடிச்சது வேற ரெண்டு பகுதிகள். ஒண்ணு, "இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" புதுசா மொழி கத்துக்கிறவருக்கு இதை விளக்க முடியலைன்னா, ஐடியாவுலேயே ஏதோ சிக்கல் இருக்குன்னு எழுதுறவருக்கே தெரிஞ்சிடும். இன்னொண்ணு, "நிராகரிக்கப்பட்ட யோசனைகள்". விவாதத்துல வந்து ஒதுக்கப்பட்ட மாற்று வழிகளைக் காரணத்தோட அங்கே எழுதி வைக்கணும். நாளைக்குப் புதுசா வர்றவர் அதையே திரும்பக் கேட்டா, ரெண்டு வாரம் சண்டை போட வேண்டாம், ஒரு சுட்டி கொடுத்தா போதும்.

ஒரு பெப் முழுசா நிராகரிக்கப்பட்டாலும் அழிக்க மாட்டாங்க. அதே எண்ணோட, "நிராகரிக்கப்பட்டது"ங்கிற குறிப்போட அங்கேயே இருக்கும். இதனால என்ன லாபம்னு ஒரு கதை சொல்றேன். சி, ஜாவா மாதிரி மொழிகள்ல ஸ்விட்ச்னு ஒரு கட்டளை உண்டு. பைத்தான்ல அது இல்லைங்கிறது ரொம்ப நாள் குறை. 2006-ல கைடோவே அதுக்காக 3103-ஆம் பெப் எழுதினார். 2007 பைகான் மாநாட்டுல பேசும்போது, கூட்டத்துல இருந்தவங்க ஆதரிக்கிறாங்களான்னு கேட்டுப் பார்த்தார். ஆதரவே இல்லை. தன் ஐடியாவைத் தானே நிராகரிச்சு, காரணத்தையும் அந்த ஆவணத்துலேயே எழுதிட்டார். மொழியை உருவாக்கினவருக்கே அந்த நிலைமைன்னா, புதுசா வந்த ஒருத்தர் தன் ஐடியா போச்சேன்னு அவமானப்பட வேண்டியதில்லை, பாருங்க.

அப்புறம் 2021-ல வெளியான பைத்தான் 3.10-ல மேட்ச் கட்டளை வந்துச்சு. இது பழைய ஸ்விட்ச் இல்லை. தரவோட வடிவத்தையே பிரிச்சுப் பார்க்கிற, இன்னும் பெரிய வசதி. அதுக்கான முதல் பெப்பை எழுதின குழுவுல கைடோவும் இருந்தார். பழைய விவாதங்கள் எழுத்துல இருந்ததால, இது எந்த வகையில வேறன்னு காட்ட முடிஞ்சுது.

ஆனா பெப் முறையில ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. கடைசி முடிவு எப்பவும் கைடோ ஒருத்தர் கையில. 2018-ல 572-ஆம் பெப் வந்தது. ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கிற := குறியீடு. பக்கவாட்டுல பார்த்தா வால்ரஸோட கண்ணும் தந்தமும் மாதிரி இருக்குன்னு அதுக்கு வால்ரஸ்னு பேரு. சின்ன விஷயம்தான், ஆனா விவாதம் மாசக்கணக்குல நீண்டு கசந்து போச்சு. கைடோ அதை ஏத்துக்கிட்டார். கையோட ஜூலை 12 அன்னிக்கு, முடிவெடுக்கிற பொறுப்பிலிருந்து விலகறதா அறிவிச்சார். ஒரு பெப்புக்காக இவ்வளவு போராடி, அதுக்கப்புறமும் இத்தனை பேர் தன் முடிவை வெறுக்கிறதைப் பார்க்க விருப்பமில்லைன்னார். தனக்குப் பதிலா யாரையும் நியமிக்கவும் இல்லை. கவனிங்க, ஆவணம், எண், காரணம் எல்லாம் ஒழுங்கா இருந்தும், கோபம் முழுக்க ஒரே ஆள் மேல இறங்குச்சு.

அடுத்து யார்னு முடிவு பண்ணவும் பெப் முறையையே பயன்படுத்தினாங்க. பல நிர்வாக மாதிரிகளைத் தனித்தனி பெப்பா எழுதி, முக்கிய உருவாக்குநர்கள் ஓட்டுப் போட்டாங்க. 2019-லிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட 5 பேர் கொண்ட குழு முடிவெடுக்குது. ஒரே நிறுவனத்துல வேலை பார்க்கிறவங்க 2 பேருக்கு மேல அதுல இருக்கக் கூடாது. தங்கள் அதிகாரத்தை முடிஞ்சவரை குறைவா பயன்படுத்தணும்னும் விதியிலேயே இருக்கு. ஒரு குறிப்பிட்ட பெப்பை, அந்தத் துறை தெரிஞ்ச வேற ஒருத்தரிடம் முடிவெடுக்கச் சொல்லி ஒப்படைக்கவும் முடியும்.

சரி, பத்து பேர் சேர்ந்து ஆரம்பிக்கிற சமூகத்துக்கு இவ்வளவு வேணுமா? வேண்டாம். திட்டத்தோட கோடு இருக்கிற அதே இடத்துல ஒரு ஃபோல்டர், ஐடியாவுக்கு ஒரு கோப்பு, ஒரு பக்க அளவுல எழுதினா போதும். பிரச்சினை என்ன, யார் செய்யப் போறாங்க, வேற என்ன வழிகளைப் பார்த்தோம், ஏன் விட்டோம். "யார் செய்யப் போறாங்க"ங்கிற இடம் காலியா இருந்தா ஐடியாவைத் தூக்கிப் போட வேண்டாம், "ஆள் தேவை"ன்னு குறிச்சு வைங்க. முடிவு சொல்றவர் யார்னு முதல் நாளே எழுதிடுங்க, சண்டை வந்த பிறகு எழுதினா அது ஒருத்தருக்கு எதிரா எழுதின மாதிரி ஆயிடும். முடிஞ்சா அந்த இடத்துல மூணு பேரைப் போடுங்க.

பைத்தான்ல இன்னொரு விதியும் இருக்கு. முக்கிய உருவாக்குநர் அல்லாத ஒருத்தர் பெப் எழுதினா, அவருக்கு வழிகாட்ட உள்ளே இருக்கிற ஒருத்தர் முன்வரணும். இது புதியவர்களுக்குக் கதவை மூடுறதா, கைபிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போறதா? எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது, ஆனா உள்ளே யாரையுமே தெரியாத ஒருத்தருக்கு அது மூடின கதவாத்தான் தெரியும். அடுத்த எபிசோட்ல அங்கிருந்து தொடரலாம்.