சுழலும் கூடையும் முடுக்கமும்

சாயப்பட்டறைகளில் ஈரப் பனியன் துணியைப் பிழியும் இயந்திரத்தைத் திருப்பூர் வட்டாரத்து நேயர்கள் நன்கு அறிவார்கள். வெளியுறைக்குள்ளே துளைகள் நிறைந்த ஓர் எஃகுக் கூடை. ஈரத் துணியை அதில் அடுக்கிச் சுழற்றினால், நீர் துளைகளின் வழியே தெறித்து வெளியேறுகிறது. சீரான வேகத்தில் சுழலும் அக்கூடையிலுள்ள துணிக்கு முடுக்கம் உண்டா என்று நான் வகுப்பில் கேட்பது வழக்கம். “வேகந்தான் மாறவில்லையே, ஐயா! முடுக்கம் ஏது?” என்பார்கள் மாணவர்கள்.

வேகம் வேறு, திசைவேகம் வேறு. நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது வேகம். எத்திசையில் என்பதையும் சேர்த்துச் சொல்வது திசைவேகம். திசைவேகம் மாறும் வீதமே முடுக்கமாகும். வட்டத்தில் செல்லும் பொருளின் திசை கணந்தோறும் உட்புறமாகத் திரும்புகிறது. ஆகவே, வேகம் மாறாவிடினும் முடுக்கம் உண்டு. அது மையத்தை நோக்கியது. அவ்வாறு திருப்பும் விசையை, 1687-இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’ என்னும் நூலில் நியூட்டன் மையநோக்கு விசை என்று வழங்கினார்.

இங்கே அவ்விசையைத் தருவது கூடையின் சுவர். துணியை அது ஓயாமல் உள்நோக்கித் தள்ளுகிறது. துளைக்கு நேரே வந்த நீர்த்துளிக்கோ தடுக்கும் சுவர் இல்லை. எனவே அது தொடுகோட்டின் வழியே நேராகப் பறந்துவிடுகிறது. நீரை எவரும் வெளியே இழுக்கவில்லை. உள்ளே திருப்புவார் இல்லாமையால் அது போகிறது.

வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கத்தின் அளவு கிடைக்கும். அரை மீட்டர் ஆரமுள்ள கூடை நிமிடத்திற்கு 600 முறை சுழல்வதாகக் கொள்வோம். விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 31.4 மீட்டர், முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு! விளிம்பிலுள்ள ஒரு கிலோ துணியைத் திருப்ப, 200 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். சுழற்சியை இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகும். துணி ஒருபக்கமாகக் குவிந்திருந்தால் கூடை குலுங்குவதும், அச்சு தேய்வதும் இதனாலேயே.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 30-ஆம் பிரிவில், சுழலும் கூடைகளின் விளிம்பு வேகம் பாதுகாப்பான எல்லையைத் தாண்டலாகாது என விதித்ததன் பொருள் இப்போது விளங்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கூடை சிறிது நேரம் சுழலும். 300 சுற்றாகத் தணிந்த நிலையிலும் முடுக்கம் 50 மடங்கு இருக்கும். கூடை முற்றிலும் நின்ற பிறகே மூடியைத் திறக்கவேண்டும். கையையும் அதன் பிறகே உள்ளே நீட்டவேண்டும். பௌதிகம் பரீட்சைக்கு மட்டுமன்று, தொழிலாளியின் கைக்கும் காவலாகும்.