மார்க் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கிறது?

மார்க் குறைந்துவிட்டால் சில வீடுகளில் திட்டு விழும். சில வீடுகளில் யாரும் கேட்கவே மாட்டார்கள். வளர்ப்பு முறைக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று அறிய, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 7,836 பேரிடம் ஆய்வாளர் சான்ஃபோர்ட் டோர்ன்புஷ் குழுவினர் விசாரித்தார்கள். முடிவுகள் 1987-இல் வெளியாயின. 1960-களில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் வகுத்த மூன்று வளர்ப்பு வகைகளே அந்த ஆய்வுக்கு அடிப்படை.

முதலாவது, அதட்டி வளர்ப்பது. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது. மார்க் குறைந்தால் கைச்செலவுக் காசு குறையும், வெளியே போகத் தடை வரும். நல்ல மார்க் வாங்கினாலும், "மத்த பாடத்துலயும் இதே மாதிரி வாங்க வேண்டியதுதானே?" என்ற கேள்விதான் வரும்.

இரண்டாவது, போக்கில் விடுவது. டிவி பார்க்க நேரக் கணக்கு இல்லை. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்க ஆளில்லை.

மூன்றாவது, பேசிக் கண்டிப்பது. குடும்ப முடிவுகளில் பிள்ளையின் கருத்துக்கும் இடம் உண்டு. இங்கும் மார்க் குறைந்தால் சலுகைகள் பறிபோகும். ஆனால் கூடவே, "எது புரியலை? நான் சொல்லித் தரட்டுமா?" என்றும் கேட்பார்கள். நல்ல மார்க்குக்குப் பாராட்டும், சொந்தமாக முடிவெடுக்கக் கூடுதல் சுதந்திரமும் கிடைக்கும்.

முதல் இரண்டு வகை வீடுகளின் பிள்ளைகள் பொதுவாகக் குறைந்த மார்க்கும், மூன்றாவது வகைப் பிள்ளைகள் கூடுதல் மார்க்கும் பெற்றிருந்தார்கள். எல்லோரையும்விடப் பின்தங்கியவர்கள், அதட்டலும் மற்ற முறைகளும் கலந்து கிடந்த வீடுகளின் பிள்ளைகள். இன்று அடி, நாளை செல்லம் என்றால் எதை நம்பி நடப்பது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போவது இயல்புதான்.

இதை அப்படியே எல்லா வீட்டுக்கும் பொருத்திவிட முடியாது. மார்க் குறைந்ததால்தான் பெற்றோர் அதட்டத் தொடங்கினார்களோ என்ற கேள்வி இருக்கிறது. அதோடு, ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. அதட்டும் வீடுகளிலிருந்து வந்தும் பலர் நன்றாகப் படித்தார்கள். சீனக் குடும்பங்களில் கண்டிப்போடு அக்கறையும் சேர்ந்தே வருகிறது என்று 1994-இல் ஆய்வாளர் ரூத் சாவ் விளக்கினார்.

ஆக, கண்டிப்பைக் கைவிடச் சொல்லும் ஆய்வல்ல இது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்முன் பிள்ளை தரப்பைக் கேளுங்கள், அதன் பிறகு போடும் கட்டுப்பாட்டுக்குக் காரணம் சொல்லுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள்.