இரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழை

பெரகலைச் சந்தியிலிருந்து பலாங்கொடைப் பக்கமாக இறங்கும் நெடுஞ்சாலையில், மலைச்சரிவை ஒட்டி அமைந்துள்ளது ஹல்துமுல்லை. சூழவுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிரட்டுக்குச் செல்லாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றையக் கூலி போயிற்று. ஆனால் அன்று இரத்தம் ஏற்றினால்தான் அப்பிள்ளை அடுத்த மாதமும் ஓடி விளையாடும். பிள்ளைக்குள்ள நோயின் பெயர் தலசீமியா.

இந்நோய் தொற்றுவதன்று, பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவது. இலங்கையில் நூற்றுக்கு இருவருக்கு மேற்பட்டோர் இதனை வெளித்தோன்றாமல் தம்முள் சுமக்கின்றனர். சுமப்பவர் நோயாளியல்லர், சற்றே இரத்தக்குறைவு காணப்படலாம், அவ்வளவே. ஆனால் சுமக்கும் ஒருவரும் சுமக்கும் மற்றொருவரும் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஏற்றும் ஒவ்வொரு போத்தல் இரத்தத்தோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடலிற் சேர்கிறது. அது இருதயத்தையும் ஈரலையும் கெடுக்காதிருக்க, அதனை வெளியேற்றும் மருந்தையும் வாழ்நாள் முழுவதும் கொடுத்தல் வேண்டும்.

இத்துன்பத்தின் மூலம் யாது? ஓர் எழுத்துப் பிழையே. நம் உடற்கலங்களில் உள்ள பரம்பரையலகு நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏடு போன்றது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் பிரதி எடுக்கப்படுகிறது. அப்பிரதியில் வேண்டாத பகுதிகளைக் கத்தரித்து, வேண்டியவற்றை ஒட்டிய பின்னரே, ஈமோகுளோபின் புரதம் செய்வதற்கான கட்டளை ஆயத்தமாகிறது. இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்று, முதலாவது வேண்டாத பகுதியின் ஐந்தாம் எழுத்து மாறியிருப்பதாகும். அதனால் கத்தரிக்கோல் உரிய இடத்தைச் சரிவரக் காணாது, அயலில் உள்ள மூன்று போலி இடங்களில் வெட்டிவிடுகிறது. கட்டளை குழம்புகிறது, இரத்தம் குன்றுகிறது.

இத்தகைய பிரதியை மருந்தினால் திருத்தலாகுமா? 1978-ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த சமெக்னிக், ஸ்டீபன்சன் என்னும் இருவர், வைரஸ் ஒன்றின் பிரதிக்கு எதிரெழுத்துக்களாக அமைந்த 13 எழுத்துச் சிற்றிழையைச் செய்து, அவ்வைரஸ் பெருகுவதைத் தடுத்தனர். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல, அவ்விழை உரிய இடத்திலே சென்று ஒட்டிக்கொண்டது. இதுவே 'ஆன்டிசென்ஸ்' இழை எனப்படுகிறது. 1993-இல் டொமின்ஸ்கி, கோல் என்போர், தலசீமியாவுக்குக் காரணமான சில பிழைகளை இத்தகைய இழைகளாலே மறைத்து, ஆய்வுகூடக் குழாயினுள் பிரதி சரியாக வெட்டப்படச் செய்தனர். பிழையைத் துடைக்கவில்லை, கத்தரிக்கோலின் கண்ணுக்கு மறைத்தனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிழைகளிலிருந்து நம் நாட்டில் மிகுந்துள்ள பிழை வேறுபட்டது. போலி இடங்கள் மூன்று இருக்கையில், ஓர் இழை ஓரிடத்தை மறைத்தால் கத்தரிக்கோல் மற்றோரிடத்துக்குச் செல்லும். ஒரு வாசலை அடைத்தால் கள்வன் மறு வாசலால் வருவானன்றோ? ஆகையால் பல இழைகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை இங்கே பொருத்தமாகத் தோன்றுகிறது. நோய்தரும் பரம்பரையலகை முற்றாக அடக்க வேண்டிய பிற நோய்களிலும் இவ்வெண்ணமே உண்டு. பிரதி மடிந்து சுருண்டு கிடப்பதால் ஓரிடத்தில் ஓர் இழை எட்டாவிட்டாலும், இரண்டாவது இழை வேறிடத்தில் எட்டிப் பிரதியை அழிக்கச் செய்யலாம்.

இவை வெறுங்கனவல்ல. முதுகந்தண்டு சார்ந்த தசைநலிவு நோய்க்கு நுசினெர்சன் என்னும் இழை 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நரம்பை அழிக்கும் நோயொன்றின் பரம்பரையலகை அடக்கும் டோபெர்சன் 2023-இல் அனுமதி பெற்றது. எனினும் தலசீமியாவுக்கு இவ்வகை இழை இன்னும் வைத்தியசாலையை எட்டவில்லை. எலும்பு மச்சையினுள் இரத்தம் பிறப்பிக்கும் கலங்களுக்குள் இழையைப் புகுத்துவது கடினம். அதே 2023-இல் பிரித்தானியாவில் அனுமதிக்கப்பட்ட வேறொரு சிகிச்சை, கருப்பருவத்து ஈமோகுளோபினைத் தடுக்கும் பரம்பரையலகை இரத்தக் கலங்களில் அடக்கி, அதனை மீண்டும் சுரக்கச் செய்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்! தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோடு அதனை ஒப்பிடவும் மனம் கூசுகிறது.

ஆகவே, விஞ்ஞானம் மலையேறி வரும்வரை நாம் கைகட்டி இருப்பதா? அன்று. சுமப்பவர் யார் என்பதை எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இரத்தக்குறைவென்று இரும்பு மாத்திரை விழுங்கியும் தேறாத பெண்ணுக்கு இரும்புக் குறைவு இல்லாமலே இருக்கலாம். அவள் தலசீமியாவைச் சுமப்பவளாக இருக்கலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவிலே மணம்பேசும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது குற்றமன்று; ஆனால் ஒரே பாட்டனின் பிழை இரு பக்கமும் இறங்கியிருக்கக்கூடும். எனவே சாதகப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்கள் இரத்தப் பொருத்தமும் பார்த்தல் நன்று. பள்ளி மாணவரே இச்செய்தியை லயத்து வீடுகளுக்கு எடுத்துச் செல்வார்களாக. பதுளை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் தாய்மார் தொகை குறைவதற்கு இன்றைக்கு நம் கையிலுள்ள வழி அதுவேயாகும்.