வீடற்றோர்: அரசின் எண்களே சான்று

வீடற்றோர் குறித்த பல்கலைக்கழக ஆய்வுகள் நூலகத்தோடு நின்றுவிடாமல் கொள்கையை அசைக்க வேண்டுமெனில், அரசின் எண்களையே அரசின்முன் வைக்க வேண்டும் என்கிறோம்.

2010இல், உணவு உரிமை வழக்கில், நீதிமன்ற ஆணையர்கள் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்தே, நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதை விதியாக்கியது: லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேருக்கு இடம். 2011 கணக்கெடுப்பின்படி நகர்ப்புற மக்கள்தொகை 37.7 கோடி. ஆக, விதியின் குறைந்தபட்ச அளவு நாடெங்கும் முழுமையாக நிறைவேறினாலும் கிடைப்பவை 3.77 லட்சம் இடங்களே. அதே கணக்கெடுப்பு நகரங்களில் கண்ட வீடற்றோரோ 9.38 லட்சம் பேர்! அதுவும் பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணியது. காவலருக்கு அஞ்சி மறைவில் உறங்கியோர் அதில் விடுபட்டிருக்கக்கூடும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. நடைபாதையில் உறங்குபவரிடம் வயதையும் தொழிலையும் கேட்கும் ஆய்வாளர், அவருடைய சாதியையும், சொந்த ஊரில் நிலமோ மனையோ இருந்ததா, எதனால் வெளியேறினார் என்பதையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இவை விடுபட்டால் அறிக்கையில் நகரத்து வறுமை மட்டுமே எஞ்சும். அரசும் ஒரு பாயும் கூரையும் தந்து கடமையை முடித்துக்கொள்ளும். பதிவு இருந்தால், காப்பகத்தோடு மனைப்பட்டாவையும் சான்றுடன் கோரலாம்.