தொலைத்தொடர்புத் துறையில் இடைநிலை அடக்கவிலைக் கணக்கர்

நூற்பாலையில் ஒரு கிலோ நூலின் அடக்கவிலையைக் கணிப்பது ஓரளவு எளிது. பஞ்சு, கூலி, மின்சாரம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்துவிடலாம். தொலைத்தொடர்பிலோ கோபுரம், கம்பிவடம், இணைப்பகம், அலைக்கற்றை ஆகியவற்றுக்கான செலவு, எவரும் பேசினாலும் பேசாவிட்டாலும் நேர்ந்தே தீரும். பல சேவைகளுக்கும் பொதுவான இச்செலவைப் பங்கிடுவதே இத்துறைக் கணக்கரின் தலையாய பணியாகும். இந்திய அடக்கவிலைக் கணக்கர் கழகத்தின் இடைநிலைத் தேர்வில் மட்டும் தேறி, இறுதித் தேர்வை எதிர்நோக்கியிருப்போரும் இப்பணியில் அமர்த்தப்படுகின்றனர்.

பங்கீட்டின் விளைவு

ஒரு கோபுரத்தின் மாதச் செலவு ரூ.60,000 எனக் கொள்வோம். கடத்தப்படும் தகவலின் அளவில் பேச்சின் பங்கு பத்தில் ஒன்றாயின், பேச்சுச் சேவையின் மீது விழுவது ரூ.6,000. வருவாயை அடிப்படையாகக் கொண்டு, அதில் பேச்சின் பங்கு பாதியாயின், அதுவே ரூ.30,000 ஆகிவிடும். செலவு மாறவில்லை, அடிப்படைதான் மாறியது.

இது ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு நிறுவனத்தின் கைபேசியிலிருந்து மற்றொன்றின் கைபேசிக்குச் செல்லும் உள்நாட்டு அழைப்புக்கான முடிவுக் கட்டணம் 2009-இல் நிமிடத்திற்கு 20 காசு; 2015-இல் 14 காசு; 2017 அக்டோபரில் 6 காசு. 2021 ஜனவரி முதல் அது அறவே நீக்கப்பட்டது. எந்தச் செலவைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பது இக்கட்டண விவாதங்களில் முக்கிய இடம் பெற்றிருந்தது.

சட்டமும் பொறுப்பும்

2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு விற்றுமுதல் ரூ.35 கோடிக்குக் குறையாத தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அடக்கவிலைப் பதிவேடுகளைப் பேண வேண்டும். சேவைவாரியாகக் கணக்குகளைப் பிரித்தளிக்குமாறு ஒழுங்குமுறை ஆணையமும் விதித்துள்ளது.

இப்பதிவேடுகளைத் தயாரிப்பதில் இடைநிலை தேறியவர் உதவலாம். அடக்கவிலைத் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிட இயலாது. அவ்வுரிமை, உறுப்பினராகித் தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவருக்கே உண்டு. கையொப்பம் பிறருடையதாயினும், எண் இவருடையது. அந்த எண்ணில் நேரும் பிழை, மேலுள்ளோர் கண்ணில் படாமலே கட்டணம் வரை சென்றுவிடலாம்.

ஆகவே இவர் இரண்டு கடமைகளை மறத்தலாகாது. முதலாவது, ஒவ்வொரு பங்கீட்டிற்கும் உரிய காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல். பொறியாளரிடம் கேட்டறியாமல் அதனை எழுதவும் இயலாது. இரண்டாவது, பணிச்சுமையைக் காரணங்காட்டி இறுதித் தேர்வைத் தள்ளிப்போடாதிருத்தல். தாம் கணித்த எண்ணுக்குத் தாமே பொறுப்பேற்கும் தகுதியை அடையும்போதுதான் அவரது பயிற்சி முழுமை பெறும்.