உங்களுக்குத் தெரியுமா? கொதிக்காமலே எச்.ஐ.வி. சாகும்

தாய்ப்பாலில் உள்ள எச்.ஐ.வி. கிருமியை ஒழிக்கப் பாலைக் கொதிக்கவிட வேண்டியதில்லை, 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்தாலே போதும். தாய்ப்பால் வங்கிகள் செய்வது இதைத்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள ‘இதெம்பா லேத்து’ வங்கி, எய்ட்ஸால் பெற்றோரை இழந்த கைக்குழந்தைகளுக்கு இப்படிப் பதப்படுத்திய தானப் பாலைத்தான் புகட்டியது.

தானம் தருபவருக்கே தொற்று இருந்தால்? நியாயமான கேள்வி. அதற்குத்தான் இரட்டைப் பூட்டு: முதலில் அவருக்கு ரத்தப் பரிசோதனை, பிறகு பாலுக்குச் சூடு. சூட்டில் சத்து போய்விடாதா என்றால், கொஞ்சம் போகும்தான். கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் நொதி அழிகிறது. நோயெதிர்ப்புப் புரதங்களிலும் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் சர்க்கரைகள் அப்படியே நிற்கின்றன. குறைமாதக் குழந்தைகளைக் கொல்லும் குடல் அழுகல் நோய், தானப் பால் குடிப்பவர்களுக்கு பவுடர் பால் குடிப்பவர்களைவிடக் குறைவாகவே வருகிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதற்காகத் தானப் பாலே முதல் தேர்வு என்று சொல்லிவிட முடியாது. எச்.ஐ.வி. உள்ள தாய் அதற்கான கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தால், தாய்ப்பால் வழியே தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தாய் இல்லாதபோதும், மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையும், குழந்தை எடை குறைந்து பிறந்தபோதும்தான் தானப் பால் கைகொடுக்கும். அப்போதும் வங்கிப் பாலை மட்டுமே கேளுங்கள்; பரிசோதிக்காத, பதப்படுத்தாத பாலை நெருங்கிய உறவினர் தந்தாலும் புகட்டாதீர்கள்.